கம்பளமும் கணிப்பொறியும்



கடல் கடந்து பொருளீட்டச் சென்ற நம் பிள்ளைகளின் உழைப்பை நம் வீடுகளில் இரண்டு பொருள்கள் பறைசாற்றிக் கொண்டிருக்கின்றன. ஒன்று, அறை முழுவதையும் அடைத்து விரிக்கப்பட்டிருக்கும் கம்பளம். மற்றொன்று, அக்கம்பளத்தின் ஓரத்தில் மேசை போட்டு அமர்த்தப்பட்டிருக்கும் கணிப்பொறி. கோட்டாறு, இடலாக்குடி, திட்டுவிளை, தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று நம் குமரி மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இவ்விரண்டும் ஓர் அறையில் குடியிருப்பதைக் காணலாம். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று கேட்பவர்தாம் குறைவு.

ரியாத் நகரில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில் கணிப்பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவன் நான். அங்கும் சுவரிலிருந்து சுவர் வரை கம்பளம்தான். ஊர் திரும்பிய பின் உறவினர் வீடுகளில் கணிப்பொறி 'படுத்துவிட்டது' என்றால் முதலில் என்னைத்தான் அழைக்கிறார்கள். அங்கே கற்ற பாடத்தை அப்படியே இங்கே ஒப்பிக்க முடியாது என்பதே இந்த ஆண்டுகளில் நான் கண்டது. பாலைவனத்துக் கம்பளம் செய்யும் தீமை வேறு. நாஞ்சில் நாட்டுக் கம்பளம் செய்யும் தீமை வேறு.

முதலில் அங்குள்ள நிலையைச் சொல்லிவிடுகிறேன். ரியாத் கடலை விட்டு வெகுதூரம் உள்ளடங்கிய நகரம். கோடை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 10, 15 விழுக்காடு என்று இறங்கிவிடும். அந்நாள்களில் அலுவலகக் கம்பளத்தின் மேல் பத்தடி நடந்து கதவின் உலோகக் கைப்பிடியைத் தொட்டால் விரல் நுனியில் 'சுளீர்' என்று ஒரு பொறி பறக்கும். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து பக்கத்தில் இருப்பவரிடம் முஸாபஹா செய்யக் கை நீட்டினால் இருவர் கையும் ஒருசேர வெடுக்கென்று பின்வாங்கும். பிறகு இருவரும் சிரித்துக் கொள்வோம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் போர்வையை உதறினால் நீல நிறத்தில் மின்மினி போலத் தெறிப்பதைப் பார்த்து, புதிதாக வந்த பையன்கள் பயந்ததும் உண்டு.

இதற்குப் பெயர் நிலைமின்சாரம். இரண்டு பொருள்கள் உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மின்னூட்டம் தாவி, போவதற்கு வழியின்றி அங்கேயே தங்கிவிடுகிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தேல்ஸ் என்ற கிரேக்க அறிஞர், கம்பளித் துணியில் தேய்த்த அம்பர் என்னும் மரப்பிசின் கட்டி வைக்கோல் துரும்பை இழுப்பதை அறிந்திருந்தார் என்பார்கள். அந்த அம்பருக்குப் பாரசீக மொழியில் 'காஹ்ருபா' என்று பெயர். 'காஹ்' என்றால் வைக்கோல். 'ருபா' என்றால் கவர்ந்து செல்வது. ஆக, 'வைக்கோல் திருடி' என்று பொருள்! வளைகுடாவில் இருந்தவர்கள் மின்சாரக் கட்டணம் கட்டப் போகும்போதெல்லாம் 'கஹ்ரபா, கஹ்ரபா' என்று சொல்லியிருப்பார்கள். அரபு மொழியில் இன்று மின்சாரத்தைக் குறிக்கும் அச்சொல் இந்த வைக்கோல் திருடியிலிருந்து பிறந்ததுதான்.

மின்னணுத் தொழில்துறைக் கையேடுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஒரு கணக்கு உண்டு. ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடு வரை உள்ள காற்றில் கம்பளத்தின் மேல் நடக்கும் ஒருவர் உடலில் 35,000 வோல்ட் வரை மின்னழுத்தம் சேரக்கூடும். அதே மனிதர் 65 முதல் 90 விழுக்காடு ஈரப்பதத்தில் நடந்தால் சேர்வது 1,500 வோல்ட் அளவே. காற்று ஈரமாக இருக்கும்போது பொருள்களின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, மின்னூட்டம் வழிந்தோட வழி செய்துவிடுகிறது. 35,000 என்றதும் அஞ்ச வேண்டாம். அழுத்தம் பெரிதே தவிர அதிலுள்ள மின்சாரத்தின் அளவு மிகமிகச் சொற்பம். மனிதனுக்கு அது ஒரு சுளீர், அவ்வளவுதான். ஆனால் கணிப்பொறிக்குள் இருக்கும் சில்லுகள் மனிதனைப் போலத் தாங்குபவை அல்ல. அவற்றுள் சில, நூறு வோல்ட்டுக்கும் குறைந்த தாக்குதலிலேயே சேதமடைந்துவிடும். நம் விரல் உணர்வதற்கோ ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். ஆகவே, 'எனக்கு ஒன்றும் அடிக்கவில்லையே, பிறகெப்படிக் கெட்டது?' என்ற கேள்விக்கு இடமில்லை. நமக்குத் தெரியாமலே நம் கை அதைக் கொன்றுவிடலாம். உடனே சாகாமல் உள்காயத்தோடு சில மாதம் ஓடிப் பிறகு நின்றுவிடுவதும் உண்டு.

இனி நம் ஊருக்கு வருவோம். இடவப்பாதியும் துலாமழையும் என்று ஆண்டில் இரண்டு பருவமழை பெறும் மாவட்டம் இது. ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 70 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோதான் நிற்கும். ஆகவே ரியாத்தில் பறந்த பொறி இங்கே பறப்பதில்லை. இதைக் கண்டு, 'நம் ஊரில் நிலைமின்சாரமே கிடையாது' என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியன்று. 1,500 வோல்ட் என்பதும் திறந்து வைத்த சில்லுக்கு யமன்தான். மேலும், அறைக் கதவை அடைத்துக் குளிர்சாதனத்தை இரவும் பகலும் ஓட்டுகிறோம் அல்லவா? குளிர்சாதனத்தின் பின்குழாயில் சொட்டுச் சொட்டாக வடிகிறதே, அந்த நீர் நம் அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டதே. வெளியில் மழை பெய்தாலும் அந்த அறைக்குள் காற்று உலர்ந்துவிடும். தரையில் பிளாஸ்டிக் இழைக் கம்பளம், காலில் ரப்பர் செருப்பு, உடலில் பாலியெஸ்டர் உடை, அமர்வது பிளாஸ்டிக் நாற்காலி என்று அனைத்தும் கூடினால் சிறு அளவில் ஒரு ரியாத்தையே நாம் வீட்டுக்குள் அமைத்துவிடுகிறோம்.

எனினும் மூடியைத் திருகி மூடிய கணிப்பொறி, முறையான எர்த் இணைப்போடு இருக்குமானால், இந்தச் சிறு பொறிகளைத் தாங்கிக் கொள்ளும். மூடியைத் திறக்கும் நேரந்தான் ஆபத்தான நேரம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எர்த் என்றதும் ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். 'கணிப்பொறிப் பெட்டியைத் தொட்டால் சுருசுருவென்று ஷாக் அடிக்கிறது. கம்பளத்தால் வரும் மின்சாரமாம், கடைக்காரர் சொன்னார்' என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். இல்லை சகோதரிகளே, இல்லை! நிலைமின்சாரம் ஒரே ஒரு முறை 'சுளீர்' என்று கடித்துவிட்டு ஓய்ந்துவிடும். தொட்டுக் கொண்டிருக்கும் வரை எறும்பு ஊர்வது போலச் சுருசுருவென்று இருக்குமானால், அது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தின் கசிவு. உங்கள் மூன்றுமுனைச் செருகியின் எர்த் எங்கும் போய்ச் சேரவில்லை என்பதற்கு அடையாளம். அந்த வீட்டில் போய்ப் பார்த்தேன். மூன்றுமுனைச் செருகியை இரண்டு துளைச் சந்தில் நுழைப்பதற்காக ஒரு மாற்றுச் செருகி போட்டிருந்தார்கள். வெறுங்காலோடு அந்த அறையில் இரண்டு வயதுக் குழந்தை ஓடிக் கொண்டிருந்தது. இதைக் கம்பளத்தின் மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துச் செம்மண் கோடையில் உலர்ந்து இறுகிவிடும். மாசி, பங்குனி மாதங்களில் அக்குழியில் அவ்வப்போது குடம் தண்ணீர் ஊற்றுவது நல்லது.

நிலைமின்சாரத்தை விட நம் மாவட்டத்தில் அஞ்சத்தக்கது தூசு. தூசு என்றால் ஒரே தூசன்று. ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றைத் தோவாளை வட்டத்தார் அறிவார்கள். முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனை வரிசையாக நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். அது கொண்டுவரும் மண்தூசு சன்னல் இடுக்கு வழியே நுழைந்து கம்பளத்தில் குடியேறிவிடும். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் செம்மண் தூசும், கயிற்றுத் தொழில் நடக்கும் ஊர்களில் தென்னை நார்ச் சோறும் பறக்கும். கடலோரத்து ஊர்களில் பிள்ளைகளின் காலோடு வந்து சேர்வது மணல்.

அந்த மணலைப் பற்றி ஒரு சுவையான செய்தி. திருவிதாங்கூர்க் கரையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டிக் கொண்டு சென்ற மணலைத்தான் 1909 ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்து, அதில் மோனசைட் என்ற அரிய தாது இருப்பதைக் கண்டார். அதன் பிறகே மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை எழுந்தது. நார்க்கயிறு எவ்வளவு மண்ணைச் சுமக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அத்தகைய ஆலைகளில் மணலிலுள்ள இல்மனைட், ரூட்டைல் முதலியவற்றையும் சிர்க்கான், மோனசைட் முதலியவற்றையும் பிரித்தெடுக்கக் காந்தத்தோடு உயர் அழுத்த நிலைமின்சாரத்தையும் பயன்படுத்துகிறார்கள். மின்சாரத்தைக் கடத்தும் மணி ஒரு பக்கம் விழும். கடத்தாத மணி உருளையில் ஒட்டிக் கொண்டு மறுபக்கம் போகும். நாம் எதைக் கண்டு அஞ்சுகிறோமோ அதை வைத்தே நம் மாவட்டத்தில் ஒரு தொழிலே நடக்கிறது! ஜெராக்ஸ் கடையில் நகல் எடுக்கும் பொறியும் இதே வித்தையில்தான் ஓடுகிறது. 1938 இல் அமெரிக்கர் செஸ்டர் கார்ல்சன் அதைக் கண்டறிந்தார்.

கடலோர ஊர்களுக்கு மட்டும் உரிய இன்னொரு தூசு உப்பு. அலை உடைந்து தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே உலர்ந்து உப்புப் பொடியாகிக் கரைக்கு வருகின்றன. ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்து உப்புநீராகிவிடும். கடலுப்பிலுள்ள மக்னீசியச் சேர்மங்களோ அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். சமையலறையில் மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதைப் பார்க்கிறோம் அல்லவா? அதே கசிவு கணிப்பொறியின் சுற்றுப்பலகை மேல் நடந்தால் என்னாகும்? ஓடக்கூடாத இடத்தில் மின்சாரம் ஓடும். செம்பு முனைகள் பச்சை பூக்கும். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கணிப்பொறிகள் நாகர்கோவிலை விட விரைவில் கெடுவதாகப் பழுது பார்ப்பவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது கம்பளத்தின் பங்கு புரிந்திருக்கும். மொசைக் தரையில் விழும் தூசை இரண்டு வேளை கூட்டித் தள்ளிவிடுகிறோம். கம்பளம் அதைப் பெற்று, சேமித்து, யாராவது நடக்கும்போதெல்லாம் ஒரு சாண் உயரத்துக்குக் கிளப்பிவிடுகிறது. கணிப்பொறியின் பெட்டி அந்த ஒரு சாண் உயரத்தில்தான், தரையில் அமர்ந்திருக்கிறது. அதன் விசிறி ஓயாமல் காற்றை உள்ளே இழுக்கிறது. இழையும் தூசும் சேர்ந்து, வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் இடையே சாம்பல் நிறப் பஞ்சுத் துணி போலப் படிந்துவிடும். வெப்பம் போக வழியின்றிக் கணிப்பொறி முதலில் மந்தமாகும். பிறகு நடுவேலையில் தானாக அணையும். 'வைரஸ் புகுந்துவிட்டது' என்று பணம் கறந்த கதைகள் எனக்குத் தெரியும். மடிக்கணினியோ இன்னும் மோசம். 2011 ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின் நம் பெண் பிள்ளைகள் பலர் கையிலும் அது வந்து சேர்ந்தது. 2020 இல் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமே அதன் வழியாகத்தான் என்றாயிற்று. கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு மடிக்கணினியையும் கம்பளத்தின் மேலேயே வைத்துப் படித்தார்கள். அதன் மூச்சுத் துளை பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு மரப்பலகையை, அது இல்லையென்றால் வீட்டில் கிடக்கும் ஒரு தட்டையான தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தால்கூடப் போதும்.

என் மனைவியின் சின்னம்மா மகள் ஒருவர் கடலோர ஊர் ஒன்றில் வாழ்கிறார். கணவர் ஜுபைலில் வேலை பார்த்தவர். 2012 இல் விடுப்பில் வந்தபோது ஒரு கணிப்பொறி வாங்கி, தாம் சுமந்து வந்த மெரூன் நிறக் கம்பளத்தை அறை முழுவதும் விரித்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கதை சொல்லி, அதை ஒலிப்பதிவும் செய்துவிட்டுப் போனார். 2015 இல் அங்கேயே மாரடைப்பால் வஃபாத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். கடைசிப் பெண்ணுக்கு அப்போது நான்கு வயது. வாப்பாவின் குரல் அவளுக்கு அந்தக் கணிப்பொறியில்தான் இருந்தது.

2019 இல் ஒரு நாள் அது உயிர்பெறவில்லை. கடைக்குக் கொண்டு போனார்கள். வட்டு எரிந்துவிட்டது, உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது, புதிது வாங்கிக் கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம். கடைப் பையன் முதலில் வீட்டுக்கே வந்து, கம்பளத்தின் மேல் நின்றபடி நினைவகப் பலகையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு எடுத்துப் போனான் என்பதையும் பிறகு அறிந்தேன். பாலியெஸ்டர் சட்டைப் பை! மின்னணுப் பலகையை வைக்க அதைவிடத் தகாத இடம் உலகத்தில் இல்லை.

நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். சுவர்ச் செருகியை உருவிவிட்டு, இயக்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீர்த்து, கம்பளத்தை விட்டு வெறுந்தரையில் மேசையை நகர்த்தி, பெட்டியின் பெயின்ட் பூசாத உலோகச் சட்டத்தை ஒரு கையால் தொட்டபின்தான் உள்ளே கை வைத்தேன். வெப்பத் தகடுகளின் இடையே படிந்திருந்த பஞ்சில் மெரூன் நிறம் தெரிந்தது. நினைவகப் பலகையின் பொன்னிற முனைகள் கருத்திருந்தன. பலகையை விளிம்பில் மட்டும் பிடித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பருத்தித் துணியால் முனைகளைத் துடைத்து, உலரவிட்டுத் திரும்பப் பொருத்தினேன். தூசையெல்லாம் தூரிகையால் தட்டி எடுத்தேன். மூன்றாவது முயற்சியில் 'பீப்' என்ற ஒலியோடு கணிப்பொறி எழுந்தது. வட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அப்பெண் ஒரு கோப்பைத் தட்டினாள். அறையில் அவர் குரல் கேட்டது. கடைசி மகளை அவர் செல்லப் பெயர் சொல்லி அழைத்து, 'வாப்பா மடியில் வந்து இரு' என்கிறார். சிறிது நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை.

அன்றே முதல் வேலையாக அந்தப் பதிவுகளை இரண்டு தனித்தனி வட்டுகளில் படி எடுத்து, ஒன்றை அந்த வீட்டிலும் மற்றொன்றை எங்கள் வீட்டிலுமாக வைத்தோம். அடுத்து, கம்பளத்தை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். மைத்துனி தலையை அசைத்துவிட்டார். "மச்சான், மத்தது என்ன வேணும்னாலும் சொல்லுங்க, செய்யுறேன். அத மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. அவங்க தோள்ல சுமந்து கொண்டு வந்தது" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? நூலில் படித்த அறிவுரைக்கு இந்த இடத்தில் வேலையில்லை.

ஆகவே வேறு வழி கண்டோம். சுவரோரமாக மூன்றடி அகலத்துக்குக் கம்பளத்தை மடித்து உள்ளடக்கி, தரையை வெளியாக்கினோம். கணிப்பொறி மேசையும் நாற்காலியும் அந்த வெறுந்தரையில். பெட்டி தரையில் இல்லாமல் முழங்கால் உயரத்தில் ஒரு மரப்பலகையின் மேல், சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி. வாரம் ஒருநாள் கணிப்பொறியை அணைத்து, பருத்தித் துணியால் மூடி, கம்பளத்தைத் தூசு உறிஞ்சும் கருவியால் துடைத்து, கிளம்பிய தூசு அடங்க அரைமணி நேரமாவது விட்டு, பிறகே துணியை எடுப்பது. ஈரமில்லாத மாதங்களில் மாதம் ஒருமுறை கம்பளத்தை மாடியில் வெயிலில் போட்டு அடிப்பது. ஆறு ஆண்டுகளாக அந்தக் கணிப்பொறி ஓடிக் கொண்டிருக்கிறது, கம்பளமும் இருக்கிறது.

இனி, துப்புரவு செய்வது பற்றிச் சில சொற்கள். வீட்டுத் தூசு உறிஞ்சியைக் கம்பளத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள். அதன் பிளாஸ்டிக் முனையைக் கணிப்பொறிக்குள் விடவேண்டாம். காற்றும் தூசும் விரைந்து உரசும் அந்த முனையிலேயே நிலைமின்சாரம் சேரும். இரண்டு சக்கர வண்டிப் பட்டறையிலும் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கும் பொறிக்குப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஓடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அந்தக் காற்றுக் கலத்தின் அடியில் தண்ணீரும் எண்ணெயும் தேங்கியிருக்கும். நம் ஈரக் காற்றை அடைத்து அழுத்தினால் தண்ணீர் வராமல் என்ன செய்யும்? அழுத்தமும் கட்டுக்கடங்காதது. கையடக்க மின் ஊதுகருவி ஒன்றும், இயற்கை மயிராலான மெல்லிய பெயின்ட் தூரிகை ஒன்றும் போதும். ஊதும்போது உள்விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். கட்டுமீறிச் சுழன்றால் அதன் தாங்கி தேயும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். செருகியை உருவிய பிறகும் அதற்குள் உயிர்ப்பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கக் கூடும்.

அடிக்கடி பெட்டியைத் திறக்கும் இளைஞர்கள் மணிக்கட்டுப் பட்டை ஒன்று வாங்கிக் கொள்வது நலம். அதன் கம்பியில் ஒரு மெகா ஓம் தடை இருக்கிறதா என்று பாருங்கள். மின்னூட்டம் மெல்ல வழிய விடுவதும், தவறி மின்கம்பியில் கை பட்டால் உயிரைக் காப்பதும் அத்தடைதான். ரியாத்தில் நாங்கள் துணி மென்மையாக்கும் திரவத்தை நீரில் கலந்து கம்பளத்தில் தெளிப்போம். பொறி பறப்பது குறையும். இங்கே அதைச் செய்ய வேண்டாம். ஈரக் காற்றில் அது பிசுபிசுத்துத் தூசை மேலும் ஒட்ட வைத்துக் கொள்ளும்.

வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். கணிப்பொறியைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக் கம்பள அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால் கம்பளத்தின் அடியில் பூஞ்சணம், உறைக்குள் வியர்வை, பெட்டிக்குள் எறும்புப் புற்று. மின்வழங்கிக்குள் பல்லி முட்டையிட்டிருந்ததையும் நான் கண்டிருக்கிறேன். (அது வெப்பத்தை நாடிப் போகிறது, பாவம்.) 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியபோது பல ஊர்களில் பல நாள் மின்சாரமில்லை, ஓடு பறந்த வீடுகளில் நனைந்த கம்பளங்கள் காயவே இல்லை. பூட்டிய வீட்டுக்குள் நடந்தது உடையவர்கள் வந்த பிறகுதான் தெரிந்தது. போகும்போது கம்பளத்தைச் சுருட்டி உயரத்தில் வைத்துவிடுங்கள். உறை பருத்தித் துணியாக இருக்கட்டும். சாவி வைத்திருக்கும் மாமியோ தங்கையோ வாரம் ஒருமுறை சன்னலைத் திறந்து, கணிப்பொறியை அரைமணி நேரம் ஓடவிட்டால் அதன் சூட்டிலேயே ஈரம் போய்விடும்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொன்று புகை. வெள்ளி இரவு சாம்பிராணி, விருந்தினர் வந்தால் வளைகுடாவிலிருந்து வந்த பகூர், இரவெல்லாம் கொசுவர்த்தி. இவற்றின் புகையில் பிசின் இருக்கிறது. அது விசிறியிலும் தகடுகளிலும் படிந்து, பின்னால் வரும் தூசுக்குப் பசையாகிவிடும். சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல நான் யார்? கணிப்பொறி ஓடாத நேரத்தில், அந்த அறையைத் தவிர்த்து, மற்ற அறைகளில் போடுங்கள் என்கிறேன்.

புதிதாகத் தரைவிரிப்பு வாங்கப் போகிறவர்கள் கேட்டால், கணிப்பொறி அறைக்குக் கம்பளமே வேண்டாம் என்பேன். நமக்கு அண்டையிலேயே பத்தமடை இருக்கிறது. தாமிரபரணிக் கரைக் கோரையில் நம் சமுதாயப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் பாய் அது. புல்லிழை தன்னுள் சிறிது ஈரத்தை எப்போதும் வைத்திருப்பதால் மின்னூட்டம் அதில் தங்குவதில்லை, தூசைப் புதைக்க மயிரும் இல்லை, உதறினால் போயிற்று. தென்னை நார் விரிப்பும் மின்சாரத்துக்கு நல்லதே, ஆனால் தானே தூசு உதிர்க்கும். அதை வாசலோடு வைத்துக் கொள்ளலாம். கம்பளந்தான் வேண்டுமென்றால் மயிர் குட்டையான பருத்தி விரிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் மலைப்பக்கம் இடி முழங்கத் தொடங்கினால் பொத்தானை அணைத்தோம் என்று இருந்துவிடாதீர்கள், செருகியையே உருவிவிடுங்கள். பொத்தானுக்குள் இருக்கும் இடைவெளி இம்மியளவு. வானத்திலிருந்து இறங்கும் மின்னலுக்கு அது ஒரு தாண்டலா? முன்பு தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாகவும் மின்னல் வந்து இணைய இணைப்புக் கருவியைச் சுட்டுவிடும். இப்போது பல வீடுகளில் வரும் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அந்தக் கருவிக்கு மின்சாரம் தரும் சிறிய செருகி சுவரில்தானே இருக்கிறது? அதையும் சேர்த்து உருவச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.